சாவி, ஜன்னல், துவாலை: பராச்சியில் ஐந்து நாட்கள்

2024 மே 20, திங்கள்

பிரேசிலின் ரியோவில் காலையில் ஏறிய பஸ் நாலரை மணி நேரத்தில் கொண்டுவந்து இறக்கியது. வழி நெடுக இடது பக்கம் கடல், வலது பக்கம் காடு மூடிய மலை. எழுதுவது பராட்டி, சொல்வது பராச்சி. இந்த மண்ணின் பழங்குடிகள் பேசிய துப்பி மொழியில் அது ஒரு மீனின் பெயராம், நம் மடவை வகை.

விடுதியில் இருந்த பெண் "ஷாவி" என்று கையில் எதையோ வைத்தாள். பார்த்தால் சாவி! அப்புறம் அறையைக் காட்டியபடி "ஜனெலா" என்று ஜன்னலைத் திறந்தாள். மேசைக்கு மேசா, அலமாரிக்கு அர்மாரியு, துவாலைக்குக் கிட்டத்தட்ட துவாலையேதான். தூத்துக்குடிக்காரிக்கு இவை போர்த்துகீசியரிடமிருந்து வந்த சொற்கள் என்று தெரியாமல் இல்லை. ஆனாலும் ஒருவர் வாயிலிருந்து நேராக வந்து விழும்போது உடம்பு சிலிர்த்துவிட்டது.

நேற்றுதான் தூய ஆவி திருவிழா முடிந்திருக்கிறது. வெள்ளைப் புறா வரைந்த சிவப்புக் கொடிகள் இன்னும் தெருவில் ஆடுகின்றன.

மே 21, செவ்வாய்

அறையில் என்னோடு மூன்று பேர். பெயர் போட வேண்டாம், ஊரை வைத்தே எழுதுகிறேன். மினாஸ் மாநிலத்திலிருந்து வந்த நர்ஸ் ஒருவர். என்னைவிடப் பத்து வயது பெரியவர், நான் அக்கா என்றே கூப்பிடுகிறேன், அவருக்கும் அது பிடித்துவிட்டது. லிஸ்பனிலிருந்து ஒரு மாணவி. அர்ஜென்டினாவின் ரொசாரியோவிலிருந்து ஒரு பையன்.

காலைச் சாப்பாட்டில் நான் பழத்தட்டைக் காட்டி "அனனாஸ்" என்றேன். லிஸ்பன் பெண் கைதட்டினாள். அக்கா தலையை ஆட்டி, "இங்கே அது அபகாஷி" என்றார். அரை மணி நேரம் இதே பேச்சு. வேடிக்கை என்னவென்றால், இரண்டுமே இந்த மண்ணின் துப்பிச் சொற்கள்தான். அவற்றில் ஒன்று கப்பலேறி நம்மிடம் அன்னாசி ஆகிவிட்டது.

பழைய ஊருக்குள் கார் விடமாட்டார்கள், தெருமுனையில் சங்கிலி. உருண்டையும் சப்பையுமாகப் பெரிய பெரிய கற்கள், ஒன்றுபோல் இன்னொன்று இல்லை. செருப்போடு நடந்தால் கணுக்கால் போய்விடும். இந்தக் கல்பாவலுக்குப் பெயர் 'பே ஜி முலெக்கி', பொடிப்பயல் பாதம். அக்கா ஒரு தள்ளுவண்டியில் அதே பெயர் சொல்லி ஒரு தின்பண்டம் வாங்கிக் கொடுத்தார். வெல்லமும் வேர்க்கடலையும்! கோவில்பட்டிக் கடலைமிட்டாயேதான், கொஞ்சம் தடிமன். பாகு மேலே மேடும் பள்ளமுமாகக் கிடக்கிற கடலையைப் பார்த்தால் தெருவும் மிட்டாயும் ஏன் ஒரே பெயர் வைத்துக்கொண்டன என்று புரிகிறது.

பதிலுக்கு ஊரிலிருந்து கொண்டுவந்த மக்ரூன் டப்பாவைப் பிரித்தேன். பாதி பொடிந்திருந்தது. அக்கா ஒரு துண்டை நாக்கில் வைத்துக் கண்ணை மூடிக்கொண்டு "கஜூ" என்றார். ஆமாம், முந்திரி. அதுவும் இங்கிருந்து வந்ததுதானே அக்கா.

மே 22, புதன்

டிரிண்டாடிக்கு டவுன் பஸ். மலை ஏறி இறங்கும் இடத்தில் எல்லாரும் கம்பியை இறுக்கிப் பிடித்துக்கொண்டோம். நீளமான கஷடாசு கடற்கரையைக் கடந்து காட்டுப் பாதையில் போனால், பெரும் பாறைகள் கடலை மறித்து ஒரு குளமே கட்டி வைத்திருக்கின்றன. வெளியே அலை அடிக்கிறது, உள்ளே தண்ணீர் அசையவில்லை. கோடு போட்ட குட்டி மீன்கள் காலைக் கொத்திப் பார்த்தன. ரொசாரியோ பையனுக்கு நீச்சல் தெரியாது என்பது அங்கேதான் தெரிந்தது. அக்கா அவன் முதுகுக்குக் கீழே ஒரு கையை வைத்து, "மூச்சை விடு, தண்ணீர் தாங்கும்" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். கடைசியில் தாங்கியது. அவன் முகத்தை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை.

மதியம் மீனும் சோறும், மேலே தூவிக்கொள்ள வறுத்த மரவள்ளி மாவு. இரவு 9:30-க்கு அம்மாவுக்குப் போன் போட்டேன், அங்கே காலை 6. "கடல்ல ரொம்ப உள்ள போகாதம்மா" என்றாள்.

மே 23, வியாழன்

இன்று பௌர்ணமி. பௌர்ணமிக்குக் கடல் தெருவுக்குள் வரும் என்று விடுதியில் சொல்லியிருந்தார்கள். அதற்காகவே கடல் பக்கத்துச் சுவரில் வாய் விட்டிருக்கிறார்கள்.

அதுவரை ஜெபமாலை மாதா, புனித பெனடிக்ட் கோவிலில் உட்கார்ந்திருந்தோம். 1725-இல் கறுப்பின அடிமைகள் தங்களுக்கென்று எழுப்பிய கோவில். மினாஸ் சுரங்கத்துத் தங்கம் கழுதை முதுகில் மலையிறங்கி இந்தத் துறைமுகத்துக்குத்தான் வந்தது. அப்புறம் ரியோவுக்கு நேர்வழி போட்டார்கள், பராச்சி தனித்துப்போனது. 1970-களில் நெடுஞ்சாலை வரும்வரை யாரும் இடித்துக் கட்டவில்லை. ஊர் தப்பியது அப்படித்தான். 2019-இல் யுனெஸ்கோ பட்டியலிலும் சேர்ந்தது.

"அந்தத் தங்கத்தைத் தோண்டியவர்கள் என் ஆட்கள்" என்றார் அக்கா. பிரேசிலில் அடிமை முறை சட்டப்படி ஒழிந்தது 1888 மே 13. பத்து நாள் முன்னால்தான் அந்த நாள் வந்து போயிருக்கிறது. லிஸ்பன் பெண் ஒன்றும் பேசவில்லை. அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டாள். அக்கா உதறவில்லை. மூன்று நாளாக நான் கொண்டாடிய சாவியும் ஜன்னலும் வந்த அதே கடலில்தான் அந்த மனிதர்களையும் ஏற்றி வந்தார்கள். இதை எழுதாமல் மற்றதை எழுதியது எனக்கு உறுத்துகிறது.

மூன்று மணிக்கு மேல் தண்ணீர் வந்தது. சத்தமே இல்லை. முதலில் கற்களுக்கு இடையே ஈரம், அப்புறம் கோடு, அப்புறம் தெரு முழுக்க. வெள்ளைச் சுவரும் நீலக் கதவும் மஞ்சள் சட்டமும் தலைகீழாகத் தெரிந்தன. நாலு பேரும் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நடந்தோம். கற்கள் வழுக்கின. ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டோம்.

மே 24, வெள்ளி

காலை பஸ்ஸில் அக்கா ஊருக்குக் கிளம்பினார். காலி மக்ரூன் டப்பாவைக் கேட்டு வாங்கிக்கொண்டார். ஜன்னலைத் தள்ளி "ச்சாவ், தங்கச்சி" என்றார். அந்தச் சொல்லை நான் அவருக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை. ராத்திரி லிஸ்பன் பெண்ணின் போனில் தேடி எழுதி வைத்துக்கொண்டாராம்.