கொல்லையில் கீரை இருந்தும்

நெல் விளைவிக்கும் வீட்டிலேயே இரத்தசோகையா என்று சிலர் வியக்கலாம். ஆனால் 2019-21 ஆம் ஆண்டுகளின் தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, தமிழகத்தில் 15 முதல் 49 வயது வரையிலான பெண்களில் பாதிக்கும் மேற்பட்டோருக்கு அது உண்டு. டெல்டா கிராமங்களில் விவசாயக் குடும்பங்களுக்கு வீட்டுத்தோட்டம் போடச் சொல்லித்தரும்போது, விதை கொடுப்பது எளிய வேலையாகவும், விளைந்ததை யார் உண்பது என்பதே சிக்கலான கேள்வியாகவும் இருக்கக் காண்கிறேன். சிறுகீரை விதையை மணலோடு கலந்து தூவினால் நான்கு வாரங்களுக்குள் பறித்துவிடலாம். முருங்கைக்கோ ஒரு போத்தை, அதாவது வெட்டிய கிளைத்துண்டை, ஊன்றினாலே போதும். பறித்த கட்டெல்லாம் சந்தைக்குப் போய்விட்டால், அல்லது கடைசியாகச் சாப்பிட உட்காரும் மருமகளுக்குச் சட்டியில் எதுவும் மிஞ்சாவிட்டால், பாத்தி பச்சையாக இருந்து என்ன பயன்? கீரையின் இரும்புச்சத்து உடலில் சேர எலுமிச்சையும் நெல்லிக்காயும் துணைசெய்யும். சாப்பிட்ட கையோடு குடிக்கும் தேநீர் அதைத் தடுக்கும்.

சுகாதாரத்தை நான் தனிப்பாடமாக வைப்பதில்லை. கோழி எருவைக் கிளறிய கையைச் சோப்பு போட்டுக் கழுவாமல் பிள்ளைக்குச் சோறூட்டினால், வயிற்றுப்போக்கு வந்து, ஊட்டிய சத்தும் தங்காமல் போகும். ஆகவே கைகழுவும் வாளியை வாழையடியிலேயே வைக்கச் சொல்கிறேன். வாழைக்குத் தண்ணீர் பாயுமே என்றாவது கழுவுகிறார்கள்.