ஒட்டியது ஒரு மாலை, செட்டிங் மூன்று நாள்

ஃபோமில் வார்த்த ஏழெட்டுத் துண்டுகள், ஒரு பிரஷ்லெஸ் மோட்டார், நான்கு சர்வோ (இறக்கை, வால் மடல்களை அசைக்கும் சிறு மோட்டார்கள்), கொஞ்சம் கம்பி. என் முதல் ரேடியோ கண்ட்ரோல் விமானத்தின் பெட்டியைத் திறந்தபோது, வேலை இவ்வளவுதானா என்று இருந்தது. ஒட்டுகிற வேலை ஒரே மாலையில் முடிந்தும்விட்டது. அது பறக்கிற நிலைக்கு வர மேலும் மூன்று நாள் ஆனது. புதிதாக வருபவர்கள் அவசரப்படுவது அந்த மூன்று நாளில்தான் என்பதால் அதைப் பற்றியே அதிகம் சொல்கிறேன்.

நான் எடுத்தது இறக்கை மேலே இருக்கும் டிரெய்னர். காற்றில் சாய்ந்தால் தானாக நிமிரப் பார்க்கும்; கற்றுக்கொள்ள இதைவிடப் பொருத்தமான வடிவம் இல்லை. ஒட்டும்போது பசையில் கவனம் வேண்டும். இபிஓ என்ற வகை ஃபோம், சிஏ எனப்படும் சாதாரண சூப்பர் குளூ பசையைத் தாங்கும், தெர்மாகோல் அதில் உருகிவிடும். வெளியே தெரியாத ஒரு மூலையில் ஒரு சொட்டு விட்டுப் பார்த்த பிறகே தொடங்கினேன். வாலை ஒட்டுவதற்கு முன், இறக்கை நுனியிலிருந்து வால் நுனிவரை இரு பக்கமும் நூல் பிடித்து அளந்தேன். ஒரு பக்கம் 4 மில்லிமீட்டர் கூடுதல். பசை போட்ட பிறகு தெரிந்திருந்தால் ஒன்றும் செய்திருக்க முடியாது.

தப்பு நடந்தது சர்வோவில். கரண்ட் கொடுக்காமலேயே சர்வோ கைகளை மாட்டி, கம்பிகளையும் இணைத்துவிட்டேன். பேட்டரியைச் செருகியதும் வாலின் செங்குத்து மடலான ரடர் ஒரு பக்கமாக மடங்கி நின்றது, சர்வோ விடாமல் உறுமியது. சட்டென்று பேட்டரியைப் பிடுங்கினேன். சர்வோ தன் நடுநிலைக்கு வருவதே ரிசீவர் அனுப்பும் 1500 மைக்ரோசெகண்ட் சிக்னலால்தான். அதற்கு முன் அது எங்கே நிற்கிறது என்பதற்குக் கணக்கே கிடையாது. எல்லாவற்றையும் கழற்றினேன். கையில் இருக்கும் டிரான்ஸ்மிட்டரில், நடுநிலையைச் சற்றே நகர்த்தும் டிரிம்களைப் பூஜ்ஜியத்தில் வைத்து, சர்வோவுக்கு உயிர் கொடுத்து, அது நடுவில் நின்ற பிறகு கையை மாட்டினேன். அப்போதும் கை செங்குத்தாக நிற்கவில்லை, சற்றே சாய்ந்தது. என் 9 கிராம் சர்வோவின் அச்சில் 21 பல். ஒற்றைப்படை என்பதால், இரு பக்கமும் நீளும் இரட்டைக் கையை அரைச் சுற்றுத் திருப்பிப் போட்டால் சாய்வு அரைப் பல் அளவு மாறுகிறது. திருப்பிப் போட்டேன், கிட்டத்தட்ட நேராக நின்றது. மிச்சத்தை, ஒவ்வொரு சர்வோவின் நடுநிலையையும் தனியாகத் திருத்தும் சப்-டிரிம்மில் சரிசெய்தேன்.

மோட்டார் சோதனை முழுவதையும் ப்ரொபெல்லரைக் கழற்றி வைத்தே செய்தேன். இதில் மட்டும் யாரும் விட்டுக்கொடுக்கக் கூடாது. மோட்டார் எதிர்த்திசையில் சுற்றியது. மூன்று வயர்களில் ஏதாவது இரண்டை மாற்றிச் செருகினால் போதும், சரியாகிவிடும்.

இறக்கையின் பின்விளிம்பு மடலான எய்லரானை நான் விமானத்தின் முன்னால் நின்று சோதித்து, சரி என்று முடிவுகட்டியிருந்தேன். மறுநாள் வாலுக்குப் பின்னால் உட்கார்ந்து ஸ்டிக்கை வலப்பக்கம் தள்ளினால், இடது எய்லரான் மேலே எழும்பியது! வலப்பக்கம் தள்ளினால் வலது எய்லரான் மேலேயும் இடது கீழேயும் போக வேண்டும். அப்படியே பறக்கவிட்டிருந்தால், நான் நிமிர்த்த நிமிர்த்த அது இன்னும் சாய்ந்திருக்கும். டிரான்ஸ்மிட்டரில் அந்தச் சேனலை ரிவர்ஸ் செய்ய ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. அன்றிலிருந்து பறக்கும் திசையைப் பார்த்தபடி, பின்னால் நின்றுதான் பார்க்கிறேன்.

அடுத்தது சிஜி என்கிற ஈர்ப்பு மையம். கையேடு இறக்கையின் முன்விளிம்பிலிருந்து 75 மில்லிமீட்டர் என்றது. அந்த இடத்தில் இரு பக்கமும் பேனாவால் கோடு போட்டு, ஆள்காட்டி விரல் நுனிகளில் தூக்கினேன். வால் மெதுவாகத் தொங்கியது. வால் கனத்தால் மூக்கை ஏற்றி இறக்கும் வால் மடலான எலிவேட்டர் சொன்ன பேச்சு கேட்காது. 2200 எம்ஏஎச் லிப்போ பேட்டரியை மூக்குப் பக்கம் 2 சென்டிமீட்டர் நகர்த்தினேன். மறுபடி தூக்கியபோது மூக்கு இம்மியளவு தாழ்ந்து, அப்படியே நின்றது. விரல் நுனியில் அந்த எடை அசையாமல் நின்ற அந்தக் கணத்தில்தான் இது பறக்கும் என்று முதல் முறையாக நம்பினேன். பேட்டரி அறையில் அந்த இடத்தைக் குறித்து வெல்க்ரோ ஒட்டினேன்.

கடைசியாக ஃபெயில்சேஃப், அதாவது சிக்னல் அறுந்தால் மோட்டாரை நிறுத்தும் ஏற்பாடு. மோட்டார் ஓடும்போதே டிரான்ஸ்மிட்டரை அணைத்தேன், மோட்டார் நின்றது. மற்ற நேரங்களில் டிரான்ஸ்மிட்டர்தான் முதலில் ஆன் ஆக வேண்டும், கடைசியில் ஆஃப் ஆக வேண்டும்.

நான்காம் நாள் விடியலில், காற்று அடங்கியிருந்தபோது, ப்ரொபெல்லரை எழுத்து முன்பக்கம் பார்க்கும்படி மாட்டி, புல்வெளியிலிருந்து எதிர்காற்றில் கையால் விட்டேன். மூக்கு கொஞ்சம் மேலேயே ஏறப் பார்த்தது. எலிவேட்டர் டிரிம்மை இரண்டு கிளிக் கீழே இறக்கியதும் கையை எடுத்தாலும் நேராகப் போனது. ஆறு நிமிடத்தில் இறக்கினேன். பேட்டரியில் செல்லுக்கு 3.8 வோல்ட் இருந்தது. லிப்போவை எடுத்து வைக்க அதுதான் சரியான அளவு என்பதால், சார்ஜில் போடாமல் அப்படியே உள்ளே வைத்தேன்.