நல்ல டாக்டர் எல்லாம் ஜெயிலில்
சோவியத் தலைவர் ஸ்டாலின் சிறுநீரில் நனைந்து தரையில் கிடக்கிறார். சுற்றி நிற்கும் கட்சித் தலைவர்கள் டாக்டரைக் கூப்பிடலாமா என்று கூடிப் பேசுகிறார்கள். நல்ல டாக்டர்கள்தான் எல்லாரும் ஜெயிலில் ஆயிற்றே!

இன்று ‘தி டெத் ஆஃப் ஸ்டாலின்’ படம் பார்க்கையில் இந்த இடத்தில் விழுந்து விழுந்து சிரித்தேன்.

ஆனால் இது கட்டிவிட்ட கதை இல்லை. 1953 மார்ச்சில், ஸ்டாலினின் அறைக்குள் சத்தமே இல்லையென்று தெரிந்தும் கதவைத் திறக்கக் காவலர்களுக்குத் துணிச்சல் வரவில்லை. மணிக்கணக்கில் அப்படியே கிடந்தார். அவருடைய சொந்த மருத்துவர் வினோகிராதவ் அப்போது கொலைச்சதிப் புகாரில் சிறையில்.

ஸ்டாலின் ஆட்சியின் இத்தனை சாவுகளை வைத்துக் காமெடியா என்று கேட்கலாம். எனக்கென்னவோ படம் கேலி செய்வது அந்தப் பயத்தைத்தான்.

(ரகசியப் போலீஸ் தலைவர் பெரியா வரும் காட்சிகளில் மட்டும் சிரிப்பே வரவில்லை.)

2018 ஜனவரியில், படம் ரஷ்யாவில் வெளியாக இரண்டு நாள் இருக்கும்போது, ரஷ்யக் கலாச்சார அமைச்சகம் அனுமதியை ரத்து செய்தது. ஸ்டாலின் செத்து 65 வருஷம் ஆகப்போகிற நேரம் அது.