நீ நின்னுட்டியே மக்கா

"இங்க நீங்க நிக்க மாட்டீங்கண்ணே" என்றுதான் சொன்னேன். மரியாதையாகத்தான் சொன்னேன். ஆனாலும் நாகர்கோவில் வடசேரி பஸ் ஸ்டாண்ட் பக்கம் போனால் இன்றைக்கும் அது காதில் விழுகிறது.

2009 டிசம்பர். துபாய் அரசு கம்பெனியான துபாய் வேர்ல்டு கடனைத் திருப்பித் தர அவகாசம் கேட்டுச் சில வாரம்தான் ஆகியிருந்தது. எங்கள் ஆபீஸுக்கு வேலை கேட்டு வந்தவர் துபாயில் எனக்கு சீனியர். ஏசி டக்ட், சில்டு வாட்டர் குழாய், கேபிள் ட்ரே எல்லாவற்றையும் ஒன்றோடொன்று இடிக்காமல் ஒரே சீலிங்குக்குள் அடக்குவார். "முதல்ல பீமுக்குக் கீழ எவ்வளவு இடம் இருக்குன்னு பாரு, அப்புறம் கோடு போடு" என்று எனக்குச் சொல்லித் தந்தவரே அவர்தான். எனக்கு ஒரு வருடம் முன்னாடியே வேலை போய்விட்டது. அதனால்தான் மேசைக்கு இந்தப் பக்கம் நான் இருந்தேன், கெட்டிக்காரத்தனம் ஒன்றும் இல்லை.

எங்களுக்குத் தேவை, ஐந்து சென்ட், ஆறு சென்ட்டில் வீட்டு பிளான் வரைய ஒரு ஆள். சம்பளம் 12,000. அங்கே அவர் வாங்கியது 6,000 திர்ஹாம், அன்றைய கணக்கில் 75,000 ரூபாய்க்கு மேல். பேரம் பேசுவார் என்று நினைத்தேன். "பன்னிரண்டு போதும் மக்கா" என்றார் சட்டென்று. எனக்குப் பயம் வந்ததே அங்கேதான்.

காலத்துக்கேற்ப மாற வேண்டும் என்று எல்லாரும் சொல்வார்கள். நான் என்னத்தை மாறினேன்? பிளான் வரைகிற ஆட்டோகேட் சாஃப்ட்வேர் அங்கேயும் அதுதான், இங்கேயும் அதுதான். புதிதாகப் பழகியது, காலையில் டீக்கடையில் கொத்தனார்களோடு நிற்பது. வீடு கட்ட நினைக்கிறவர் முதலில் விசாரிப்பது அவர்களிடம்தானே. அப்புறம், இரண்டு பருவமழையும் அடிக்கிற ஊரில் சன்ஷேடை எவ்வளவு நீட்டுவது என்பது. வாஸ்து பார்த்து கக்கூஸை இடம் மாற்றச் சொன்னால், செப்டிக் டேங்க் கிணற்றுப் பக்கம் போய்விடாமல் பார்த்துக்கொள்வது. இதற்கே எனக்கு ஆறு மாதம் ஆனது. அவருக்கு இரண்டு மாதம் போதும். அன்றைக்கே எனக்கு அது தெரியும்.

ஆனால் ஐந்து பேர் ஆபீஸ். பாதி டிராயிங்கில் ஒருவர் விட்டுவிட்டுப் போனால் யார் பதில் சொல்வது? இதில் பொய் இல்லை. அந்த ஆபீஸில் என்னைத்தான் "துபாய் இன்ஜினியர்" என்று கூப்பிடுவார்கள் என்பதும் பொய் இல்லை.

"மார்க்கெட் திரும்பினா போயிருவீங்க" என்றேன்.

"நீ நின்னுட்டியே மக்கா" என்று சிரித்தார்.

என் பயோடேட்டா அப்போது மஸ்கட்டில் ஒருவர் கையில் இருந்தது. முதலாளிக்குத் தெரியாது. அவரிடமும் சொல்லவில்லை.

2010 டிசம்பரில் கத்தாருக்கு உலகக் கோப்பை கிடைத்தது. அடுத்த வருடம் அவர் தோஹா போனார். "பாத்தியா, நான் சொன்னேன்ல" என்று வீட்டில் ஜம்பமாகச் சொன்னேன். "நீங்க வேலை குடுத்திருந்தா?" என்றாள். கொடுத்திருந்தாலும் போயிருப்பார். அப்படித்தான் இப்போதும் நினைக்கிறேன், பெரும்பாலான நாட்களில்.

அவர் தோஹா போவதற்கு முன்னால் ஒருமுறை தக்கலையில் ஒரு ஹார்டுவேர் கடையில் பார்த்தேன். பிளம்பிங் கான்ட்ராக்ட் எடுத்திருந்தார். கையில் எழுதிய லிஸ்ட்டோடு எல்போ எண்ணிக்கொண்டிருந்தார். நான் திரும்பிப் போகலாம் என்று பார்ப்பதற்குள் கூப்பிட்டுவிட்டார்.

"மக்கா, டேங்கிலிருந்து இறங்குற லைனுக்கு இங்க ஒரு இஞ்சா, ஒண்ணேகாலா?"

"மாடி வீடுன்னா ஒண்ணேகால்தான்ணே போடுவாங்க."

பில்லின் பின்னால் குறித்துக்கொண்டார். டீ வாங்கித் தந்தார். காசு கொடுக்க நான் பையில் கை விட்டதைப் பார்த்து, "வை உள்ள" என்றார்.