முட்டுக்கட்டை எங்கே?

நான் என்ன வேலை பார்க்கிறேன் என்று எங்கள் தெருவில் கேட்டால் "கம்ப்யூட்டர்ல பொம்மை போடுறா" என்பார்கள். அதுவும் தப்பில்லை. ஒரு கேமிலோ படத்திலோ வரும் வண்டி, விளக்கு, கோட்டைக் கதவு எல்லாம் முதலில் யாரோ ஒருவர் தாளில் தீர்மானித்தவை. கதவு எந்தப் பக்கம் திறக்கும், கீல் எங்கே, மரமா இரும்பா, எத்தனை வருஷம் மழையில் நனைந்தது என்று வரைந்து கொடுத்தால், வேறு ஊரில் உட்கார்ந்திருக்கும் ஒருவர் அதைப் பார்த்து முப்பரிமாணத்தில் கட்டுவார். கான்செப்ட் ஆர்ட் என்பது அந்தத் தாள். சுவரில் மாட்டும் அழகெல்லாம் அதற்குத் தேவையில்லை. பல நேரம் கிறுக்கலும் அம்புக்குறியும் குறிப்புமாகத்தான் இருக்கும்.

இதைக் கோவில்பட்டியில் இருந்துகொண்டு எப்படிப் படித்தீர்கள் என்று போன மாதம் ஒரு பெண் கேட்டாள். சாத்தூர்ப் பக்கம், பன்னிரண்டாம் வகுப்பு. போனில் பத்து நிமிஷம் ஏதோ சொல்லிவைத்தேன். சொன்னதில் பாதி சரியில்லை என்று அன்று ராத்திரியே தோன்றியது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

2015-ல் நான் பிளஸ் டூ முடித்தேன். ஓவியம் படிக்க அரசுக் கல்லூரி என்றால் சென்னை, இல்லாவிட்டால் கும்பகோணம். சென்னைக் கல்லூரி 1850-லேயே தொடங்கியது. அங்கே படித்தவர்களின் பெயர்களைச் சொன்னாலே எனக்குப் பெருமூச்சு வரும். ஆனால் நெல்லை எக்ஸ்பிரஸில் ஒரு ராத்திரி தூரம், தெரிந்தவர் யாரும் இல்லை, படித்துவிட்டு என்ன வேலை என்று கேட்டால் எனக்கே பதில் தெரியாது. வீட்டில் யாரும் கத்தவில்லை. அம்மா மட்டும் "ஹாஸ்டல் சாப்பாடு உனக்கு ஒத்துக்காது" என்றாள். அதோடு பேச்சு முடிந்துவிட்டது.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. தமிழ்நாட்டில் பாதி வீட்டுப் பூஜையறைகளில் தொங்கிய காலண்டர் சாமிகளை வரைந்த கொண்டைய ராஜு இதே கோவில்பட்டியில்தான் வாழ்ந்தார். சென்னையில் கலைப் பள்ளியில் படித்து, நாடகக் கம்பெனிக்குத் திரைச்சீலை வரைந்துகொண்டே இங்கே வந்து தங்கிவிட்டவர். அவரிடம் சிஷ்யர்கள் கூடவே இருந்து கற்றுக்கொண்டார்கள். 1976-ல் அவர் காலமானார். நான் தூரிகை பிடிக்கும் வயதுக்கு வந்தபோது ஊரில் போர்டு எழுதுகிறவர்கள்கூட ஃபிளெக்ஸ் மெஷினுக்கு மாறியிருந்தார்கள்.

சரி, மெக்கானிக்கல் இன்ஜினியரிங் சேர்ந்தேன். அப்பாவுக்கு லேத்துப் பட்டறை இருக்கிறது, அந்தக் கணக்கு. முதல் செமஸ்டரில் இன்ஜினியரிங் கிராஃபிக்ஸ் என்று ஒரு பாடம். கோடு போடும் கருவியான மினி டிராஃப்டரைக் கல்லூரி பஸ்ஸில் வைக்க இடமில்லாமல் எல்லோரும் அதைத் திட்டுவார்கள். எனக்கோ வாரத்தில் அந்த மூன்று மணி நேரம்தான் மூச்சு. ஒரு பொருளை முன்னாலிருந்து, மேலேயிருந்து, பக்கத்திலிருந்து பார்த்து வரைவது. நடுவில் வெட்டினால் உள்ளே என்ன தெரியும் என்று காட்டுவது. இன்றைக்கு நான் ஸ்டுடியோவுக்கு அனுப்பும் தாளில் இருப்பதும் அதே மூன்று பார்வைகள்தான். என் வாழ்க்கையில் ஒரு வகுப்பறையில் உட்கார்ந்து உருப்படியாகக் கற்ற ஓவியப் பாடம் அது ஒன்றுதான் என்று தெரிய எனக்கு ஐந்து வருஷம் பிடித்தது.

டிகிரி முடிந்ததும் பக்கத்து நகரத்தில் ஓர் அனிமேஷன் பயிற்சி நிலையத்தில் சேர்ந்தேன். பெயர் வேண்டாம். ஆறு மாதம், அறுபத்தைந்தாயிரம் ரூபாய். அப்பா ஒரு பழைய டிரில்லிங் மெஷினை விற்றுக் கட்டினார். அங்கே சொல்லித்தந்தது மென்பொருளின் மெனு. இந்தப் பொத்தானை அழுத்தினால் நிழல் விழும், இதை அழுத்தினால் மங்கும். சினிமா போஸ்டர்களை அப்படியே நகலெடுத்தோம். ஏன் அந்த நிழல் அங்கே விழுகிறது என்று கேட்டபோது, பாடம் எடுத்தவர் பாவம், "சிலபஸ்ல இல்லம்மா" என்றார். அவரும் அதே நிலையத்தில் முந்தைய வருஷம் படித்து வெளியே வந்தவர். சான்றிதழில் என் இனிஷியல் தப்பு.

2020 ஊரடங்கில்தான் உருப்படியாக ஏதோ தொடங்கியது. 'டிரா எ பாக்ஸ்' என்று இணையத்தில் இலவசப் பாடங்கள் இருக்கின்றன. அதில் ஒரு சவால்: 250 பெட்டிகள் வரைய வேண்டும். வெறும் பெட்டிகள். ஒவ்வொன்றையும் வரைந்து முடித்ததும் வேறு நிறப் பேனாவால் விளிம்புகளைப் பின்னோக்கி நீட்டிப் பார்க்க வேண்டும். கோடுகள் ஒரு புள்ளியை நோக்கிச் சேர்கின்றனவா, விரிந்து ஓடுகின்றனவா என்று உடனே தெரிந்துவிடும். அவர்கள் சொன்ன மெல்லிய முனை ஃபைன்லைனர் பேனா எங்கள் ஊரில் கிடைக்கவில்லை, ஜெல் பேனாவில் போட்டேன். முதல் ஐம்பதும் ஏதோ பூகம்பத்தில் ஆடிய வீடுகள். நூற்றெண்பதுக்கு மேல் கை தானாக அடங்கியது. சிங்கப்பூரில் பள்ளி நடத்தும் ஃபெங் ஜு யூடியூபில் போட்டிருந்த 'டிசைன் சினிமா' வீடியோக்களையும் சப்டைட்டிலோடு பார்த்தேன். அவருடைய பள்ளியில் சேர ஆகும் செலவை ஒரு முறை கணக்குப் போட்டேன். அதற்கப்புறம் அந்தப் பக்கத்தைத் திறக்கவேயில்லை.

மென்பொருளுக்குச் செலவில்லை. படம் வரைய கிரிட்டா இலவசம், முப்பரிமாணத்துக்கு பிளெண்டர் இலவசம். திரை இல்லாத சின்ன பென் டேப்லெட் ஒன்று வாங்கினேன். பணம் இல்லாததால் படிக்க முடியவில்லை என்று இந்தக் கட்டத்தில் சொல்லிக்கொள்ள முடியாது, நானும் சொல்லவில்லை. சிக்கல் வேறு இடத்தில் இருந்தது. வீடியோவில் பேசுகிறவர் என் படத்தைப் பார்ப்பதில்லை. இன்ஸ்டாகிராமில் போட்டால் "சூப்பர் அக்கா", நெருப்புப் படம் மூன்று. இரண்டு வருஷம் ஒரே தப்பைத் திரும்பத் திரும்ப அழகாகச் செய்துகொண்டிருந்தேன்.

கோயம்புத்தூரில் ஒரு பம்பு கம்பெனியின் டிராயிங் செக்‌ஷனில் வேலை கிடைத்தது. அந்தச் சம்பளத்தில் சேர்த்து, 2022 கோடையில் ஒரு பத்து வார இணைய வகுப்பில் சேர்ந்தேன். ஆசிரியர் கலிஃபோர்னியாவில். அவருக்கு மாலை ஏழு மணி என்றால் எனக்கு மறுநாள் காலை ஏழரை. வகுப்பை முடித்துவிட்டு ஓடினால்தான் கம்பெனியில் பஞ்ச் அடிக்க முடியும். ஆளுக்குப் பன்னிரண்டு நிமிஷம். நம் படத்தின் மேலேயே அவர் வரைந்து திருத்துவார். முதல் வாரம் நான் மூன்று நாள் உட்கார்ந்து வெளிச்சம் எல்லாம் போட்ட ஒரே படத்தைக் காட்டினேன். அவர் அதைத் தொடவேயில்லை. இருபது சின்னக் கறுப்பு வடிவங்கள் வேண்டும், தபால்தலை அளவு, ஒன்றுபோல் ஒன்று இருக்கக் கூடாது என்றார். அன்று கம்பெனியில் பம்புக்குள் சுழலும் இம்பெல்லர் ஒன்றின் அளவைத் தப்பாகப் போட்டுத் திட்டு வாங்கினேன்.

ஐந்தாவது வாரம் வண்டி வரைய வேண்டும். தேரை அடிப்படையாக வைத்து ஒரு நகரும் கோட்டையை வரைந்தேன்: ஆறு சக்கரம், ஐந்து தட்டு, மேலே வில்லாளிகள். வடிவம் நன்றாக இருக்கிறது என்று ஆசிரியரே சொல்லிவிட்டார். அந்தச் சனிக்கிழமை ஊருக்கு வந்திருந்தேன். அப்பா சாப்பிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டே திரையைப் பார்த்தார்.

"ஏம்மா, இது எவ்வளவு வெயிட் இருக்கும்?"

"ஒரு இருநூறு டன் வச்சுக்கோங்களேன்."

"இந்த அச்சு தாங்காது. சரி, எப்படி நிக்கும்?"

"நிக்கிறதா?"

"ஓடுறது நிக்கணும்ல. முட்டுக்கட்டை எங்க?"

நான் பேசவில்லை. அவர் நிறுத்தவில்லை. இந்தச் சக்கரத்தைக் கழற்ற வேண்டுமென்றால் ஸ்பேனர் எந்தப் பக்கமாக உள்ளே போகும், கிரீஸ் எங்கே வைப்பாய், கடையாணி எங்கே. திருவாரூர்த் தேருக்குத் திருச்சி பெல் கம்பெனி இரும்புச் சக்கரமும் ஹைட்ராலிக் பிரேக்கும் போட்டுக்கொடுத்தது, அதுவே எவ்வளவு பெரிய வேலை தெரியுமா என்றார். அறுபத்தைந்தாயிரத்துக்கு யாரும் என்னிடம் கேட்காத கேள்விகள் இவை. பனியனில் ஆயில் கறையோடு நின்று, பல்லைக் குத்திக்கொண்டே கேட்டார்.

மறுநாள் காலையில் தேரடிக்குப் போனோம். அவர் சக்கரத்தைச் சாணால் அளந்தார், நான் குறித்துக்கொண்டேன். அப்புறம் எட்டயபுரம் ரோட்டில் மாட்டுவண்டி செய்த ஒரு வயதான ஆசாரி வீட்டுக்குக் கூட்டிப்போனார். நடுவில் குடம், ஆரக்கால், சுற்றிலும் மர வட்டை, அதன் மேல் இரும்புப் பட்டை என்று அவர் ஒவ்வொன்றாகத் தொட்டுக் காட்டினார். பட்டையைக் காய்ச்சி மாட்டித் தண்ணீர் ஊற்றினால் அது சுருங்கி வட்டையை இறுக்கிப் பிடிக்கும். நான்கு வருஷம் வெப்பவிரிவு படித்தவள் நான். அதை ஒரு சக்கரத்தில் பார்த்தது அன்றுதான். வண்டிக்கு ஆர்டர் வந்து எத்தனை வருஷம் ஆயிற்று என்று அப்பா கேட்டார். ஆசாரி சிரித்துவிட்டு டீ வாங்கிவரச் சொன்னார்.

வண்டியைத் திரும்ப வரைந்தேன். முட்டுக்கட்டை போடுகிறவர்கள்தான் அந்தக் கோட்டையில் முக்கியமான ஆட்கள் ஆனார்கள். தேரோட்டத்தில் உருளும் சக்கரத்துக்கு ஒரு முழம் தள்ளி ஓடிக்கொண்டே கட்டையைச் செருகும் ஆட்களைப் பார்த்திருப்பீர்கள். அவர்களுக்குச் சக்கரத்துக்குப் பக்கத்தில் நடைமேடை, தேய்ந்த கட்டைகளை அடுக்க ஒரு பெட்டி, நசுங்கிய விரல்களுக்குத் தோலுறை. வகுப்பில் எனக்கான பன்னிரண்டு நிமிஷம் அன்று இருபத்தைந்து ஆயிற்று. ஆசிரியர் அந்தக் கட்டையைப் பற்றியே கேட்டுக்கொண்டிருந்தார். என் உடைந்த ஆங்கிலத்தில் கையை ஆட்டி ஆட்டி விளக்கினேன். இப்போது பெங்களூரில் ஒரு சின்ன ஸ்டுடியோவுக்கு வீட்டிலிருந்தே பொருட்கள் வரைந்து கொடுக்கிறேன். பானை, ஏணி, கிணற்று ராட்டினம். அந்த வேலையை வாங்கிக்கொடுத்தது வண்டி வரைந்த அந்த ஒரு பக்கம்தான்.

பெரிதாகச் சம்பாதிக்கவில்லை, அதையும் சொல்லிவிட வேண்டும். மாதம் முழுக்க வேலை வருவது அபூர்வம். வராத மாதங்களில் பழைய கம்பெனிக்கே கம்ப்யூட்டரில் கேட் (CAD) டிராயிங் போடுகிறேன். ஏஐ படம் வந்தபிறகு, புத்தக அட்டை மாதிரி 'அழகான படம் ஒன்று' கேட்டு வந்துகொண்டிருந்த சில்லறை வேலைகள் எனக்கு அநேகமாக நின்றுவிட்டன. நாளைக்கு மிச்சமும் போகலாம். அந்தப் பெண்ணிடம் போனில் இதைச் சொல்லாமல் விட்டதுதான் என்னை உறுத்தியது.

அவள் அம்மா தீப்பெட்டி ஆபீஸில் வேலை பார்க்கிறார். டிராகன் வரைந்து அனுப்பியிருந்தாள், நன்றாகவே இருந்தது. அதை விட்டுவிட்டு, குச்சி அடுக்கும் சட்டத்தை அம்மாவிடம் கேட்டு வரைந்து அனுப்பு என்றேன். முந்தாநாள் நோட்டுப் பக்கத்தைப் போட்டோ எடுத்து அனுப்பினாள், நீலப் பால்பாயிண்ட் பேனாவில். சட்டம் இருந்தது, அடுக்கிய குச்சிகள் இருந்தன, நிழல்கூடப் போட்டிருந்தாள்.

"குச்சி நிறைஞ்சதும் இதை எப்படித் தூக்குவாங்க? கை எங்க பிடிக்கும்?" என்று கேட்டேன்.

கொஞ்ச நேரம் பதிலே இல்லை. அப்புறம் "அம்மா ஷிப்ட் முடிஞ்சு வரட்டும்க்கா" என்று வந்தது.