மண்ணும் கல்லும் கைமாறிய காலம்

ஸ்காட்லாந்தின் பழைய நில ஆவணங்களைப் புரட்ட ஆரம்பித்தால் எனக்கு நிறுத்த மனசே வருவதில்லை. நிலம் கைமாறுவதைப் பதிய 1617-லேயே அங்கே நாடு முழுவதற்குமான ஏற்பாடு வந்துவிட்டது. சேசின் பதிவேடு என்று பெயர். அப்போதெல்லாம் பத்திரத்தில் கையெழுத்து போட்டால் மட்டும் போதாது. இரு தரப்பு ஆட்களும் அந்த நிலத்திலேயே போய் நிற்க வேண்டும். சாட்சிகள் முன்னால் கொஞ்சம் மண்ணும் ஒரு கல்லும் வாங்குபவர் தரப்பின் கையில் வைக்கப்படும். மீன்பிடி உரிமை என்றால் வலையும் படகும். நோட்டரி இதை அப்படியே எழுதி வைப்பார். 1845-ல்தான் இந்தச் சடங்கு தேவையில்லை என்று சட்டம் வந்தது.

இந்தப் பதிவேட்டில் மணமான பெண்களைப் பெரும்பாலும் பிறந்த வீட்டுப் பெயரிலேயே எழுதியிருக்கிறார்கள். வம்சாவளி தேடுபவர்களுக்கு இது பெரிய வரம்.

ஆனால் உழுதவர்களை இதில் தேடிப் பயனில்லை, நிலம் அவர்களுடையது அல்லவே. ஆட்டுப் பண்ணைகளுக்காக 1814-லும் 1819-லும் ஸ்ட்ராத்நேவர் பள்ளத்தாக்கிலிருந்து சதர்லாந்து எஸ்டேட் என்ற பெரிய ஜமீன் விரட்டிய குடும்பங்களை, எஸ்டேட்டின் குத்தகைக் கணக்குகளில்தான் தேட வேண்டும். அதிலும் உள்குத்தகைக்காரர்கள் பலர் விடுபட்டிருப்பார்கள். அந்த எஸ்டேட் ஆவணங்கள் இப்போது எடின்பரோவில், ஸ்காட்லாந்து தேசிய நூலகத்தில் இருக்கின்றன. அந்த வட்டாரத்தில் வேர் தேடுபவர்கள் அவசியம் அங்கேயும் பாருங்கள்.