மாலையில் மட்டும் நின்றுபோகும் கம்ப்யூட்டர்: பழுதான பாகத்தைக் கண்டுபிடித்த வழி

ஹட்டனுக்கு மேலே ஒரு தோட்டத்தில், பாகம் பாகமாக வாங்கி வீட்டிலேயே பூட்டிய கம்ப்யூட்டர் இது. இன்டெல் கோர் ஐ5-10400, 8 ஜிபி டிடிஆர்4 ரேம் இரண்டு, ஜிடிஎக்ஸ் 1660 சூப்பர் கிராபிக்ஸ் கார்ட், 450 வாட் பவர் சப்ளை. பாட்டுக் கேட்டால், பாடம் படித்தால் ஒரு கோளாறும் இல்லை. கேம் ஓடும்போதோ வீடியோ ரெண்டர் ஆகும்போதோ திரை சட்டென்று கறுத்து, தானாகவே மறுபடி பூட் ஆகும். பகலில் அபூர்வம், விளக்கு வைத்த பிறகு அடிக்கடி. முழு வேலைக்கும் திசை காட்டியது இந்தக் கடைசித் தகவல்தான். எத்தனை மணிக்கு நின்றது, அப்போது வீட்டில் வேறு என்ன ஓடியது என்று ஒரு கொப்பியில் குறித்து வையுங்கள். சாஃப்ட்வேர் எல்லாம் அதற்குப் பிறகு.

அடுத்தது, எப்படி நிற்கிறது என்பது. நீலத்திரை வந்து நின்றால் விண்டோஸுக்குப் பிழையை எழுதிவைக்க நேரம் கிடைத்திருக்கிறது என்று அர்த்தம். சி டிரைவில் விண்டோஸ் கோப்புறைக்குள் மினிடம்ப் என்ற இடத்தில் அந்தப் பதிவு இருக்கும். இங்கே அது காலி. விண்டோஸின் நிகழ்வுப் பதிவுகளைக் காட்டும் ஈவென்ட் வியூவரில் கெர்னல்-பவர் 41 என்ற பதிவு மட்டும் இருந்தது. அதன் விவரத்தில் பக்செக்கோட், அதாவது நீலத்திரைப் பிழையின் எண், 0. 41ஐப் பார்த்ததும் பவர் சப்ளை போய்விட்டது என்று முடிவு கட்டுபவர்கள் நிறைய. கம்ப்யூட்டர் முறையாக அணைக்கப்படவில்லை என்பதை மட்டுமே 41 சொல்கிறது. பட்டனை அழுத்திப் பிடித்து அணைத்தாலும் அதே எண்தான் வரும். அதோடு பக்செக்கோட் 0ஆக இருந்து, டபிள்யூஎச்இஏ பிழைகளும் (வன்பொருள் கோளாறு பற்றி விண்டோஸ் எழுதும் பதிவுகள்) இல்லையென்றால், மின்சாரப் பக்கம் சந்தேகம் கூடுகிறது. இன்னொரு அடையாளமும் உண்டு. நின்ற பிறகு, பிளக்கைக் கழற்றிக் கொஞ்ச நேரம் விட்டால்தான் மறுபடி ஓன் ஆகும் என்றால், சப்ளையின் பாதுகாப்புச் சுற்று பூட்டிக்கொண்டிருக்கிறது. ஷோர்ட் அல்லது அதிக கரண்ட் தேட வேண்டும். இது உடனே எழுந்துகொண்டது.

சந்தேகம் எங்கே இருந்தாலும் ரேமைச் சோதிக்காமல் தாண்டக்கூடாது. யூஎஸ்பியில் மெம்டெஸ்ட்86 என்ற ரேம் சோதனை மென்பொருளைப் போட்டு, ஒவ்வொரு ரேமாகத் தனியே, போர்ட் கைநூல் சொல்லும் ஸ்லொட்டில் (பெரும்பாலும் சிபியூவிலிருந்து இரண்டாவது) இரவு முழுக்க ஓட விட்டோம். எக்ஸ்எம்பி (ரேமை வழக்கத்தைவிட வேகமாக ஓட்டும் அமைப்பு) இருந்தால் முதலில் அதை அணைத்துவிடுங்கள். ஒரே ஒரு பிழை வந்தாலும் அது பிழைதான். ஆனால் மலைநாட்டில் ரேமைக் குற்றவாளியாக்கும் முன் அதன் தொடுமுனைகளைத் துடைக்க வேண்டும். மாதக்கணக்காக மூடுபனியும் ஈரமும் இருக்கும் வீட்டில் தொடுமுனையில் மெல்லிய படலம் படியும். ஐசோபுரொப்பைல் அல்கஹோல் தொட்ட பஞ்சில் துடைத்து, நன்றாகக் காய்ந்த பிறகு செருகி, மறுபடி சோதிக்கலாம். இதில் இரண்டு ரேமும் பிழையில்லாமல் வந்தன.

சூடுதான் காரணமா என்ற சந்தேகத்தை விரைவில் தள்ளிவிடலாம். சிபியூ சூடேறினால் முதலில் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். திடீரென்று நிற்பது அதற்கும் பிறகுதான். சூட்டை அளந்து காட்டும் ஹெச்டபிள்யூ-இன்ஃபோ மென்பொருளில் லொக் எழுத வைத்து, நின்றபின் கடைசி வரியைப் பார்த்தால் போதும்: சிபியூ 71 பாகை, கார்ட் 68. நுவரெலியா போல 1,868 மீற்றர் உயரத்தில் காற்றின் அடர்த்தி கடல் மட்டத்தைவிட ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு குறைவு; ஃபேன் அதே வேகத்தில் சுற்றினாலும் அள்ளும் சூடு குறையும். ஆனால் அறையின் குளிர் அதைப் பெரும்பாலும் ஈடுகட்டிவிடுகிறது.

இனி சுவர். இலங்கையில் வீட்டு மின்சாரம் 230 வோல்ட், 6 சதவீதம் கூடலாம், குறையலாம். அதாவது 216 முதல் 244 வரை. மின்பாவனை உச்சம் மாலை 6.30 முதல் இரவு 10.30 வரை. ட்ரான்ஸ்போமரிலிருந்து தூரத்தில், நீளமான ஒரே லைனில் தொங்கும் லயங்களில் அந்த நேரம் வோல்டேஜ் இறங்குவதைப் பல்பு வெளிச்சத்திலேயே காணலாம். மல்டிமீட்டர் முனைகளைப் பிளக் பொயின்ட்டில் நுழைப்பதைவிட, செருகினால் வோல்டேஜ் காட்டும் சின்ன மீட்டர் பாதுகாப்பானது. மதியம் 228. மாலை ஏழு மணிக்கு 203. பக்கத்து அறையில் கெட்டிலைப் போட்டதும் 194.

இதோடு நிறுத்தி, கரண்ட்தான் காரணம் என்று சொல்லிவிடலாமா? கூடாது. இந்த சப்ளையின் லேபிள் 200 முதல் 240 வோல்ட் வரை என்கிறது. கெட்டில் போடாமலே, 203இலேயே கம்ப்யூட்டர் விழுந்தது. லேபிள் தரும் எல்லைக்குள் விழுகிறது என்றால் உள்ளே ஏதோ ஒன்று பலவீனம். அது சப்ளையா, கார்டா?

பலர் தடம் மாறுவது இந்த இடத்தில். கிராபிக்ஸ் கார்டைக் கழற்றி, போர்டின் சொந்த டிஸ்பிளேயில் மாலை ஏழு மணிக்கு, சிபியூவுக்கு முழு வேலை கொடுக்கும் பிரைம்95 ஓட்டினோம். ஒரு மணி நேரம் தாங்கியது. கார்ட் இல்லாவிட்டால் சரி, அப்படியென்றால் கார்ட் பழுது என்று தோன்றும். ஆனால் கார்டைக் கழற்றும்போது சப்ளையின் தலையிலிருந்து 125 வாட் சுமையும் சேர்ந்து இறங்குகிறது. ஆகவே இந்தச் சோதனை இரண்டில் எதையும் விடுவிப்பதில்லை. அதே கார்டை நண்பர் ஒருவரின் கம்ப்யூட்டரில் போட்டு கார்டுக்கு முழு வேலை கொடுக்கும் ஃபர்மார்க் ஒரு மணி நேரம் ஓட்டியபோது அசையவில்லை. கார்டின் மேல் இருந்த சந்தேகம் அதோடு போயிற்று.

சப்ளையை மல்டிமீட்டரால் அளந்தால் என்ன? மஞ்சள் வயருக்கும் கறுப்புக்கும் நடுவே, சும்மா இருக்கும்போது 12.08, சுமையில் 11.74. அனுமதி 11.40 முதல் 12.60 வரை, கணக்கில் தேறிவிட்டது. சாதாரண மல்டிமீட்டர் ஒரு விநாடிக்கு இரண்டு மூன்று தடவைதான் எண்ணை மாற்றும். சில மில்லிவிநாடி பள்ளம் அதன் கண்ணில் படாது. பச்சை வயரைக் கறுப்போடு இணைத்து ஃபேன் சுற்றுகிறதா என்று பார்ப்பதும் அப்படித்தான். சப்ளை ஓன் ஆகிறது என்று மட்டும் சொல்லும். சுமை தாங்குமா என்று சொல்லாது.

கடைசியில் பதில் தந்தது, சுமையும் நேரமும் வோல்டேஜும் மாறாமல் ஒரே ஒரு பாகத்தை மட்டும் மாற்றியதுதான். இரவல் வாங்கிய 550 வாட் சப்ளையைப் பூட்டி, மாலை ஏழு மணிக்கு, கெட்டிலும் போட்டு 194 வோல்ட்டில் பிரைம்95ஐயும் ஃபர்மார்க்கையும் ஒன்றாக ஓட்டினோம். நிற்கவில்லை. பழையதைத் திரும்பப் பூட்டியதும் 203இல் விழுந்தது. நள்ளிரவில் 226இல் அதே பழையது அதே சுமையைத் தாங்கியது.

காரணம் இதுதான். சப்ளைக்குள் நுழையும் மின்சாரம் முதலில் பெரிய கெப்பாசிட்டரில் சேர்கிறது. 230 வோல்ட் ஏசியின் உச்சம் 325. 203 வோல்ட்டில் அது 287. சேரும் சக்தி வோல்டேஜின் வர்க்கத்தைப் பொறுத்தது என்பதால் 78 சதவீதம்தான் மிஞ்சும். 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் உச்சம் வருவது 10 மில்லிவிநாடிக்கு ஒரு தடவை; நடுவில் முழு சுமையையும் அந்தக் கெப்பாசிட்டர்தான் சுமக்கிறது. வயதாகிக் கொள்ளளவு குறைந்த கெப்பாசிட்டர் 226இல் தாக்குப்பிடிக்கும். 203இல் அடுத்த உச்சம் வரும் முன் வற்றிவிடும். உடனே, மின்சாரம் சரி என்று சப்ளை போர்டுக்குச் சொல்லும் பவர்-ஓகே சிக்னல் இறங்குகிறது, போர்ட் ரீசெட் ஆகிறது. மதர்போர்ட், ரேம், கார்ட் எல்லாம் நல்லவையாகவே இருக்கும்.

புதிதாக வாங்கும்போது லேபிளில் 100 முதல் 240 வோல்ட் வரை என்றும், ஆக்டிவ் பிஎஃப்சி (உள்ளே வரும் வோல்டேஜ் இறங்கினாலும் கெப்பாசிட்டரை ஒரே அளவில் நிரப்பும் சுற்று) என்றும் இருக்க வேண்டும். இந்தக் கம்ப்யூட்டருக்கு 500, 550 வாட் தாராளம். வாட் எண்ணைப் பெரிதாக்குவதைவிட இந்த இரண்டும் முக்கியம். கண்டியிலோ, பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசாவிலோ வாங்கினால் பில்லைப் பத்திரப்படுத்துங்கள். துருவும் கருகல் அடையாளமும் இருந்தால் வொரண்டி இல்லை என்று பல கடைகள் போட்டிருக்கும். ஈரமான சுவரோடு ஒட்டிக் கேசிங்கை வைக்காதீர்கள்.

சப்ளையை மாற்றாமல் ஸ்டெபிலைசர் வாங்குவது நல்ல யோசனை அல்ல. டக் டக் என்று ரிலே மாறும் வகை, மாறும் அந்தக் கணத்தில் தானே ஒரு சின்ன வெட்டை உண்டாக்கும். பலவீனமான சப்ளை அதிலும் விழும். யூபிஎஸ் வாங்குவதானால் ஏவிஆர் (வோல்டேஜைத் தானாகச் சரிசெய்யும் பகுதி) உள்ள லைன்-இன்டரக்டிவ் வகை எடுங்கள். ஆக்டிவ் பிஎஃப்சி சப்ளைக்கு, பேட்டரியில் ஓடும்போதும் சைன் வேவ் (சுவர் மின்சாரம் போன்ற சீரான அலை) தருவது பொருத்தம்.

பழைய சப்ளையைத் திறந்து கெப்பாசிட்டரை மாற்ற நினைக்க வேண்டாம். பிளக்கைக் கழற்றிய பிறகும் அதில் 300 வோல்ட்டுக்கு மேல் தேங்கியிருக்கலாம். “பழுது, மாலையில் விழும்” என்று மேலே ஒட்டி எழுதுங்கள். பகலில் நன்றாக ஓடுவதால் யாராவது எடுத்து இன்னொரு கம்ப்யூட்டரில் பூட்டிவிடுவார்கள்.